தேத்தண்ணி கொண்டுவரும் சிநேகிதி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். குடும்ப இரகசியத்தையும் நட்பையும் சேர்த்துச் சொல்லும் ஒரு முதல் நாவலில் நம்மைக் கட்டிப்போடுவது இரகசியமா, நட்பா? நட்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை, முதல் நாவல் எழுதுகிறவர்கள் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்ததைத்தான் எடுத்து எழுதுவார்கள் என்றார். சரி. 1914இல் மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' எழுதியபோது யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் ஒரு பெண் படும் பாட்டைத்தான் எழுதினார். அதோடு தங்கை நிறுத்தியிருக்கலாம். "நாவலில் வரும் சிநேகிதி யார்? தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார், கதாநாயகி அழுதால் மடி கொடுப்பார், போய்விடுவார். அவரை வெட்டிவிட்டாலும் கதை நிற்கும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

நிற்குமா? கேளுங்கள்.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு நடந்தது இது. மண்ணெண்ணெய்க்கு அடிபிடி. ஜாம் போத்தல் விளக்கில்தான் எங்கள் வீட்டில் வாசிப்பு. அம்மாவுக்கும் வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த சிநேகிதிக்கும் சேர்த்து ஒரே ஒரு நாவல். அட்டை இல்லை. எழுதியவரின் முதல் நாவல் என்று முன்னுரையில் இருந்ததாம். பகலில் அவர் வாசிப்பார், இரவில் அம்மா. வேலிப் பொட்டுக்குள்ளால் புத்தகம் போய் வரும். முந்தி வாசித்தவர் கதையைப் பற்றி மூச்சுவிடக்கூடாது என்று ஒப்பந்தம்.

ஒருநாள் சிநேகிதி வருகிறார். "அக்கா, உப்பு இருக்கோ?" அம்மா கொடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வருகிறார். "அக்கா, நெருப்புப்பெட்டி இருக்கோ?" அதையும் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டு போனவர் பொட்டடியில் நின்று திரும்பிப் பார்க்கிறார். மூன்றாம் தரம் வரும்போது கேட்க ஒன்றுமில்லை. வந்து குந்தில் இருக்கிறார்.

"என்னடி, கதையில ஆரும் செத்துப்போச்சினமோ?"

"இல்லை அக்கா."

"அப்ப கலியாணமோ?"

"இல்லை அக்கா."

அவையோரே, உப்பு கேட்க வாய் வந்தது, நெருப்புப்பெட்டி கேட்க வாய் வந்தது, இதைச் சொல்ல வரவில்லை! கடைசியில் சொன்னார்: "அக்கா, அடுத்த அதிகாரத்தை நீங்கள் தனிய வாசிக்க வேண்டாம். இரவைக்கு நானும் வாறன்."

அந்த அதிகாரத்தில் என்ன? பெரியம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவரே தன்னைப் பெற்றவர் என்று கதாநாயகிக்குத் தெரியவருகிறது. எங்கள் அம்மாவும் அப்படிக் கைமாறி வளர்ந்த பிள்ளை. அம்மா சொல்லச் சொல்லித்தான் இதை இங்கே சொல்கிறேன். அன்றைக்கு அது தெரிந்த ஒரே ஆள் அந்தச் சிநேகிதி.

இரவு வந்தார். தன் வீட்டு மண்ணெண்ணெயையும் கொண்டுவந்தார். ஆம் தங்கையே, தேத்தண்ணியும் வைத்தார், சீனி கிடையாது, பனங்கட்டியோடு. அவர் வாசிக்க, அம்மா கேட்டார். கதையிலும் அந்தப் பெண் பெற்றவளிடம் ஓடவில்லை, தன் சிநேகிதியிடம்தான் ஓடினாள்.

இப்போது வெட்டுங்கள் பார்ப்போம். அவள் யாரிடம் போவாள்? தகப்பனிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்பார். எங்கள் அம்மா அந்தப் பக்கத்தை யாரோடு வாசித்திருப்பார்?

1995 ஒக்டோபரில் போரால் ஊரே இடம்பெயர்ந்து வலிகாமத்தைவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தப் புத்தகமும் வீட்டோடு போய்விட்டது. எழுதியவர் பெயர் இன்று அம்மாவுக்கு நினைவில்லை. யார் மறைத்தார்கள், ஏன் மறைத்தார்கள், அதுவும் குழம்பிவிட்டது. ஆனால் கதாநாயகியின் சிநேகிதி படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்த இடத்தைக் கேளுங்கள், நேற்று வாசித்த மாதிரிச் சொல்வார்.

அந்தச் சிநேகிதி மாமியும் அம்மாவும் இதோ மூன்றாம் வரிசையில் அருகருகே இருக்கிறார்கள். நடுவர் அவர்களே, சிநேகிதியை வெட்டலாம் என்று தீர்ப்புச் சொல்வதானால், அவர்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். வணக்கம்.