ரத்தக் குழாயும் நண்டு வளையும்

(காட்சி: மன்னார்குடிப் பக்கம் ஒரு தாளடி வயல். வரப்போரத்தில் ஒரு நண்டு வளை, நெருக்கத்தில்.)

வணக்கம். இந்த ஓட்டையைப் பாருங்கள். கட்டைவிரல் நுழையும் அளவுதான். என் தாத்தா விடிகாலையில் மண்வெட்டியோடு வரப்பில் நடக்கும்போது இதைத்தான் தேடுவார். கண்ணில் பட்டால் ஒரு கை சேற்றை அள்ளித் திணித்து, குதிகாலால் மிதித்துவிட்டுப் போவார். விட்டுவிட்டால், ஒரு பெருமழையில் வரப்பு சரியாக அந்த இடத்தில் உடைத்துக்கொள்ளும்.

இதய அடைப்பைப் பற்றிப் பேச வந்தவன் வயலைக் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அடைப்பு என்றதும் நாம் வாய்க்காலில் தூர் சேர்வதைத்தான் நினைத்துக்கொள்கிறோம். கொழுப்பு வண்டலாகப் படிகிறது, பூண்டுச் சாறும் எலுமிச்சையும் குடித்தால் தூர் வாரிவிடலாம் என்று வாட்ஸப்பில் வருவதை நம்புவதும் அதனால்தான். உண்மையில் கெடுதல் நடப்பது குழாயின் சுவருக்குள்ளே. அதாவது, வரப்புக்குள்ளே.

(காட்சி: உள்ளங்கையில் ஒரு நெல்மணி. பக்கத்தில் ரத்தக் குழாயின் வரைபடம்.)

இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் பெரிய குழாய்களின் அகலம் 3, 4 மில்லிமீட்டர். இந்த நெல்லின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். உள்பக்கம் மெல்லிய ஒரு படலம். பீடிப் புகை, கூடிப்போன ரத்த அழுத்தம், கட்டுப்படாத சர்க்கரை எல்லாம் அந்தப் படலத்தைப் பழுதாக்கும். பழுதான இடத்தில் கெட்ட கொழுப்பு சுவருக்குள் நுழையும். அதைத் தின்ன வெள்ளையணுக்கள் வரும். தின்று, ஊதி, அங்கேயே செத்துப்போகும். இப்படியே பல வருடத்தில் ஒரு கட்டி. மேலே மெல்லிய தோல். அந்தத் தோல் ஒரு நாள் கிழிந்தால், உடம்பு அதைக் காயம் என்று எடுத்துக்கொண்டு ரத்தத்தை உறைய வைக்கும். சில நிமிடத்தில் குழாய் மூடிக்கொள்ளும். பாதிகூட அடைக்காத கட்டியும் கிழியலாம். நேற்று வரை சைக்கிள் மிதித்தவர் இன்று சாய்வது இப்படித்தான்.

சரி, வளையை எப்படி அடைப்பது? முதலில் உப்பு. அதைச் சொல்லாமல் டெல்டாவில் வேறெதையும் சொல்ல முடியாது.

உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தின் அளவு கூடும். மேட்டூர் தண்ணீர் கரை தொட்டு ஓடும்போது வரப்பு என்ன பாடுபடும்? அதே பாடுதான் குழாய்ச் சுவருக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன் அளவு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் நான்கு பெரியவர்கள் என்றால் நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பிரிக்கும் தேதியைப் பாக்கெட் மேலேயே எழுதி வையுங்கள், எத்தனை நாளில் தீர்கிறது என்று பார்ப்போம். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், நாகப்பட்டினத்துக் கருவாடு இவற்றில் இருக்கும் உப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை. கல் உப்பு என்பதால் சலுகையும் கிடையாது.

அப்புறம் சோறு. தாத்தா மலையாகக் குவித்துச் சாப்பிட்டார், ஏர் பிடித்தார். இன்று நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது, தெருமுனைக் கடைக்கும் வண்டி. தட்டு மட்டும் மாறவில்லை. செலவாகாத மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாக்கும், அது வயிற்றிலும் ரத்தத்திலும் சேரும். சோற்றை விடச் சொல்லவில்லை. பாதித் தட்டைக் கீரைக்கும் காய்க்கும் கொடுங்கள், பருப்போ மீனோ ஒரு பங்கு. மாப்பிள்ளைச் சம்பா தீட்டாமல் கிடைத்தால் நல்லது. அதற்கும் அளவு உண்டு. மத்தி மீன் மலிவு, இதயத்துக்கு நல்ல கொழுப்பு கொண்டது. குழம்பு வையுங்கள், பொரிக்க வேண்டாம்.

டிகிரி காப்பியில் காப்பி குற்றவாளி இல்லை. நாளைக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சர்க்கரை 30 கிராமைத் தாண்டும். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை. ஆற்றங்கரை இருக்கும் ஊரில் இதற்கு இடம் தேட வேண்டியதில்லை. பீடியையும் வெற்றிலையோடு போடும் புகையிலையையும் குறைப்பதில் பயனில்லை, விட வேண்டும்.

ரத்த அழுத்தம் வலிக்காது, அதனால் 30 வயதுக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்துகொள்ளுங்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அளவு சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்; சரியானது அந்த மாத்திரையால்தான்.

கடைசியாக ஒன்று. என் பெரியப்பா நெஞ்சு அழுத்தத்தை வாயு என்று நினைத்து, சோடா குடித்துத் திண்ணையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று மணி நேரத்தில் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போனது. பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு வயலுக்குப் போகவே முடியவில்லை. நெஞ்சில் பாரம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இருந்தால் சோடா தேடாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.