பாதாளச் சாக்கடை நாற்றம்: மூடியை அடைத்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

தெருவில் சாக்கடை நாறுகிறது என்று புகார் வந்தால் முதல் வேலையாக மேன்ஹோல் மூடியின் ஓட்டையைச் சிமென்ட் வைத்துப் பூசிவிடுவார்கள். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் நாலு வீடு தள்ளி யார் வீட்டுக் குளியலறையிலோ அதே வாடை கிளம்பும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குழாய்க்குள் கழிவுநீர் மட்டும் ஓடுவதில்லை, அதன் மேலிருக்கும் காற்றையும் அது இழுத்துக்கொண்டே போகிறது. ஒரு வாசலை அடைத்தால் காற்று அடுத்த வாசலைத் தேடும். நாற்றம் பிறக்கும் இடம் வேறு, தண்ணீரிலிருந்து விடுபடும் இடம் வேறு, மூக்கில் ஏறும் இடம் வேறு. மூன்றையும் தனித்தனியாகப் பார்க்காமல் எதைச் செய்தாலும் காசுதான் வீண்.

வாடைக்கு முக்கியக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அந்த அழுகிய முட்டை நாற்றம். குழாயின் உட்சுவரில் வழவழவென்று ஒரு படலம் ஒட்டியிருக்கும். அதன் உள்ளடுக்குக்குக் காற்று எட்டாது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்துள்ள சல்ஃபேட்டைப் பிடித்து சல்ஃபைடாக மாற்றிவிடும். வெயில் காலத்தில் இது வேகமெடுக்கும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் உற்பத்தி சுமார் 7 சதவீதம் கூடும். ஓட்டம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே போனால் மணலும் கசடும் அடியில் படிந்து, அதுவும் சேர்ந்து அழுகும். அப்படிப்பட்ட இடத்தில் மருந்து ஊற்றுவதற்கு முன், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடிக்கும் ஜெட்டிங் இயந்திரம் வைத்துக் கழுவுவதுதான் சரி.

ஆனால் பல குடியிருப்புகளில் உண்மையான குற்றவாளி பம்பிங் ஸ்டேஷனிலிருந்து போகும் அழுத்தக் குழாய். அது எப்போதும் நிறைந்தே இருக்கும், உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. ஒரு கணக்குப் போடுவோம். 150 மில்லிமீட்டர் குழாய் ஒரு கிலோமீட்டர் நீளம் என்றால் அதில் 17,700 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கொள்ளும். நள்ளிரவில் வரத்து மணிக்கு 3,000 லிட்டர்தான் என்றால், பம்பை விட்டுக் கிளம்பிய கழிவுநீர் மறுமுனைக்கு வர ஆறு மணி நேரம். அவ்வளவு நேரம் இருட்டில் ஊறிய தண்ணீர், விடியற்காலைக் குளியல் தண்ணீர் வந்து தள்ளும்போது மறுமுனை மேன்ஹோலில் கொட்டும். 'காலையில்தான் சார் அதிகமா நாறுது' என்று சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அந்த மேன்ஹோலில் குழாய் வாய் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீரைக் கொட்டினால், சோடா பாட்டிலைக் குலுக்கியது போலத்தான். கரைந்திருந்த வாயு பெருமளவு வெளியே வரும். ஒரு வளைவும் இறங்கு குழாயும் போட்டு, வாயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கொண்டுபோய் விடுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம். இதைச் செய்யாமல் மருந்துக்கு டெண்டர் விடுவது எனக்குப் புரியாத விஷயம்.

மருந்து தேவைப்பட்டால் இடம் முக்கியம். கால்சியம் நைட்ரேட்டை அழுத்தக் குழாயின் தொடக்கத்தில் விட வேண்டும். பாக்டீரியாவுக்கு நைட்ரேட் கிடைக்கும் வரை சல்ஃபேட் பக்கம் திரும்பாது. நைட்ரேட் பாதி வழியில் தீர்ந்துபோனால் மீதி வழியில் சல்ஃபைடு பிறக்கும். இரும்பு குளோரைடு வேறு ரகம். அது பிறந்துவிட்ட சல்ஃபைடைப் பிடித்துக் கறுப்புத் தூளாக்கிவிடும். ஒரு கிலோ சல்ஃபைடுக்குக் கணக்குப்படி 1.75 கிலோ இரும்பு, நடைமுறையில் அதற்கு மேல். அது அரிக்கும் அமிலக் கரைசல், பிளாஸ்டிக் தொட்டியில்தான் வைக்க வேண்டும். மூன்றாவது, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் அளவை, அதாவது தண்ணீரின் காரத்தன்மையை, உயர்த்துவது. பிஎச் 7-ல் சல்ஃபைடில் ஏறக்குறைய பாதி வாயுவாக வெளியேறும் நிலையில் இருக்கும். 8-ல் அது பத்தில் ஒன்று, 9-ல் நூற்றில் ஒன்று. வாசனைத் திரவியம் தெளிப்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

மூடிக்குக் கீழே தொங்கவிடும் கரி வடிகட்டி உதவும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காத வரை. கரி நனைந்தால் காற்று அதன் வழியே போகாமல் ஓரத்து இடுக்கில் நழுவிவிடும். ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி வீட்டுக்குள். தரையில் தண்ணீர் போகும் இடத்தில் இருக்கும் ட்ராப்பின், அதாவது தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவின், ஜல்லடையைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் மின்ன வேண்டும். 50 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீர்தான் உங்களுக்கும் சாக்கடைக்கும் நடுவே நிற்கும் கதவு. புழங்காத குளியலறையில் அது சில வாரத்தில் காய்ந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டால் காய்வது தாமதமாகும். ஊற்றிய தண்ணீர் மறுநாளே இல்லையென்றால் ட்ராப்பில் விரிசல், அல்லது யாரோ ஃபிளஷ் செய்யும்போது உறிஞ்சப்படுகிறது. பக்கத்துக் கழிப்பறையில் தண்ணீர் விட்டதும் தரையில் 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் இரண்டாவதுதான். அப்போது மாடிக்குப் போய், சாக்கடைக் குழாய்க்குள் காற்று போய்வர விட்டிருக்கும் வென்ட் பைப்பைப் பாருங்கள். பறவைக் கூடு, சருகு, அல்லது மெல்லிய வலை கட்டி அதில் தூசி அடைத்திருக்கும். அந்தப் பைப்பின் வாய் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தால் வாடை நேரே அறைக்குள் வரும்; மூன்று மீட்டராவது தள்ளியோ, ஜன்னலுக்கு மேலே உயர்த்தியோ வையுங்கள். பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிட்டையும் சேர்த்துக் கொட்டாதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு.

எங்கே கசிகிறது என்று பிடிபடவில்லையென்றால் புகைச் சோதனை இருக்கிறது. மேன்ஹோலில் ஊதுவிசிறி வைத்துப் புகையைச் செலுத்தினால், உடைந்த இணைப்பும் காய்ந்த ட்ராப்பும் தானே காட்டிக்கொடுக்கும். வீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் தீயணைப்பு வண்டி வந்துவிடும்.

மேன்ஹோலுக்குள் யாரும் தலையை நீட்டக்கூடாது, இறங்கவும் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றை விடக் கனமானது. பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு அளவில் இருந்தால் மூக்கு மரத்துப்போகும், 'வாடை போய்விட்டது' என்று தோன்றும் நேரம்தான் ஆபத்தான நேரம். அளவு தெரிய வேண்டுமென்றால் பதிவு செய்யும் வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி மூடிக்குக் கீழே ஒரு வாரம் தொங்கவிடுங்கள். பம்ப் ஓடும்போதெல்லாம் வரைகோடு எகிறினால் அழுத்தக் குழாய்ப் பக்கம் போங்கள். நாள் முழுக்க ஒரே மட்டத்தில் கிடந்தால், மேல்பக்கக் குழாயில் கசடு தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.