கிட்னிக்கு விலை வைக்கக் கூடாதுங்க!

நடுவர் ஐயா அவர்களுக்கும், நோம்பிக்கு வந்து இந்நேரம் வரைக்கும் தூங்காம உக்காந்திருக்கற ஈரோட்டுச் சனங்களுக்கும் வணக்கமுங்க.

சிறுநீரகத்துக்குச் சட்டப்படி விலை வைக்கலாமா, கூடாதா? தலைப்பு அதுதானுங்க. 'வைக்கலாம்'னு பேசிட்டுப் போன எதிரணி அண்ணன் குமணனையே கூட்டிட்டு வந்துட்டார். முதிரமலைக் குமணன், நம்ம உடுமலைப் பக்கத்து ஆளு. அவன் தலைக்குத் தம்பி விலை வெச்சான், குமணனும் 'இதை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துப் பொருள் வாங்கிக்கோ'ன்னு புலவர் கையில வாளைக் கொடுத்தான், அதனால உடம்புக்கு விலை பேசறது நம்ம மரபுன்னார். கைதட்டலும் வாங்கிட்டார். அண்ணா, கொடுக்க வந்தது யாரு? நாடாண்டவன். வாங்க வந்தது? பசியோட வந்த புலவர். அவருகூட தலையை எடுக்கலைங்க, வாளை மட்டும் எடுத்துட்டுப் போனார். நீங்க கேக்கற சந்தையில இல்லாதவன் அறுத்துக் கொடுக்கறான், இருக்கறவன் வாங்கிக்கறான். குமணனை விட்டுருங்க, பாவம்.

நம்ம காவிரிப் பாலம் தாண்டுனா பள்ளிபாளையம். விசைத்தறித் தொழிலாளிங்க கிட்ட புரோக்கருங்க கிட்னி வாங்குன சங்கதி 2025 ஜூலையில அங்கிருந்துதான் வெளிய வந்துச்சு. திருட்டுத்தனமா நடக்கறதாலதான் ஏமாத்தறாங்க, சட்டமாக்கிட்டா நியாய விலை கிடைக்கும்ங்கறாங்க. நீங்க கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்குப் போயிருப்பீங்க. துண்டுக்கடியில விரலைப் புடிச்சு விலை பேசுவாங்க. விக்கறவர் பேசுவார், வாங்கறவர் பேசுவார், மாடு சும்மா நிக்கும். கிட்னி வியாபாரத்துல தறிக்காரனை விக்கறவன்னு நெனச்சுட்டீங்க. கடன் கொடுத்தவனும் புரோக்கரும் விலை பேசறாங்க, தறி ஓட்டறவன் நிக்கறானுங்க.

சரி, வித்தா கடனாவது தீருமா? 2001ல சென்னையில கிட்னி வித்த 305 பேரைக் கண்டுபுடிச்சு விசாரிச்சிருக்காங்க. 100க்கு 96 பேர் கடனடைக்க வித்தவங்க. சராசரியா ஆறு வருஷம் கழிச்சும் முக்கால்வாசிப் பேர் கடன்லதான் இருந்தாங்க. குடும்ப வருமானமும் மூணுல ஒரு பங்கு குறைஞ்சு போச்சு. குறையாம என்னங்க? வயித்தைக் கிழிச்சுத் தச்ச உடம்போட, தறிக்கு நூல் சுத்துன பாவு பீம் தூக்க முடியுமா? இன்னொண்ணு, வித்தவங்கள்ல 100க்கு 71 பேர் பொம்பளைங்க. வீட்டுக்கடனுக்கு யாரு வயித்தைக் காட்டியிருக்காங்க பாருங்க. (கை தட்டறீங்க, ஆம்பளைங்க பக்கம் சத்தத்தையே காணோம்!)

ஈரான்ல காசு கொடுக்கற முறை இருக்குதேன்னாங்க. இருக்குது, 1988ல இருந்து. அங்கேயும் வசதியானவங்க வரிசையில நின்னு விக்கலைங்க.

டயாலிசிஸ்ல இருக்கறவங்க சாகட்டுமான்னு கேட்டாங்க. இது நியாயமான கேள்வி. வாரம் மூணு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் மெஷினோட கட்டிப்போட்டாப்ல கெடக்கறவங்க வேதனையை நான் சின்னதாப் பேச மாட்டேன். ஆனா மூளைச்சாவு ஆன ஒருத்தரோட குடும்பம் ஒத்துக்கிட்டா ரெண்டு கிட்னி கிடைக்குது. 2008ல இருந்து நம்ம தமிழ்நாடு அதுல மத்த மாநிலங்களுக்கு வழி காட்டிட்டு இருக்குது. மூளைச்சாவுன்னு சும்மா சொல்லிட முடியாதுங்க. நாலு டாக்டர், ஆறு மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை பரிசோதிச்சு கையெழுத்துப் போடணும். மாற்று ஆபரேஷன் பண்ற டாக்டர் அந்த நாலு பேர்ல இருக்கவே கூடாது. ஏன் இத்தனை கட்டு? ஐசியூ வாசல்ல நிக்கற அப்பனாத்தாளுக்கு, 'எம்பையனைக் கொன்னுட்டாங்களோ'ன்னு ஒரு துளி சந்தேகம் வந்துடக் கூடாதுன்னுதான். அந்த வாசல்ல விலைப்பட்டியலைத் தொங்க விட்டுப் பாருங்க. எந்த டாக்டர் சொன்னாலும் நம்புவாங்களா? 2023ல இருந்து உறுப்பு கொடுத்தவங்க உடம்புக்கு அரசு மரியாதை நடக்குது. அந்த எழவு வீட்டுல வந்து 'எவ்வளவு வந்துச்சு?'ன்னு ஒருத்தன் கேக்கணுமா?

அட, சொந்தத்துக்குள்ளயும் அப்படித்தான். இன்னிக்கு அண்ணனுக்குத் தம்பி கொடுக்கறான். கடையில கிடைக்குதுன்னா, 'காசு இருக்குதல்ல, நீ ஏன் கொடுக்கோணும்?'னு அவன் பொண்டாட்டியே கேப்பா. கேக்கறது தப்பும் இல்லைங்க.

1994ல வந்த உறுப்பு மாற்றுச் சட்டத்தை 2011ல திருத்தி, உறுப்பு வியாபாரத்துக்கு 5 முதல் 10 வருஷம் ஜெயில், 20 லட்சத்துக்குக் குறையாத அபராதம்னு வெச்சிருக்காங்க. அது புரோக்கர் மேல பாயலைன்னா பாய வைக்கச் சொல்லுங்க. தூக்கிப் போடச் சொல்லாதீங்க.

மணி அடிச்சுட்டாங்க. எதிரணியில அடுத்து வர்ற அக்கா ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லோணும். கிட்னிக்கு விலை சட்டமாயிருச்சு. வாரத்தவணை கட்டாத வீட்டு வாசல்ல வசூலுக்கு வந்தவன் வண்டியை நிறுத்தி, 'விக்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்றியே, ரெண்டு இருக்குதல்ல?'ன்னு கேக்கறான். அவனை எந்தச் சட்டத்துலங்க்கா புடிச்சு உள்ள போடுவீங்க?