ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆரம்ப ஜெபம் செய்த போதகர் ஐயா அவர்களே, அழைத்தவுடன் மறுக்காமல் வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, இந்த மண்டபத்தைத் திறந்து தந்த பாடசாலை அதிபர் அவர்களே, கிராம உத்தியோகத்தர் அவர்களே, மாதர் சங்கத் தாய்மாரே, வாலிபரே, உங்கள் அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் மாலை வணக்கம். அதிபர் அவர்களுக்கு ஒரு நன்றி போதாது. கதிரைகளையும் மாணவர்களை வைத்து அவரே அடுக்கித் தந்திருக்கிறார்.

யாக்கோபு 1:19 சொல்கிறது: "யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள்." கேட்பது, பேசுவது, கோபிப்பது என்ற மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் பெரியவர்கள் இதையே ஒரே அடியில் சொல்லி வைத்தார்கள்: ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயல்வெளியான வட்டையில் எங்கள் சபை மூப்பர் ஒருவர் வேளாண்மை செய்தார். கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். வாலிபத்தில் பெரிய முன்கோபி. ஒரு சிறுபோகம், பயிர் கதிர் கருக்கொள்ளும் குடலைப் பருவத்தில் நிற்கிறது. தன் முறைத் தண்ணீரை நள்ளிரவு வரை காத்திருந்து கட்டிவிட்டு வந்தார். விடிந்து போய்ப் பார்த்தால் வயலில் வெறும் சேறு. கீழ் வயலில் தண்ணீர் தளும்புகிறது. தண்ணீர் முறையைப் பார்க்கும் வட்டைவிதானையிடமாவது போனாரா? இல்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அயலவரின் தாய் தகப்பன் எல்லாரையும் இழுத்துத் திட்டியபடி அவருடைய வயல் குடிசையான வாடிக்கே போனார். அந்த அயலவர் சைவர். திருநீறு பூசிக்கொண்டு அடுப்படியில் இருந்தவர், முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "அண்ணன், வெறும் வயிற்றோடு வந்திருக்கிறீர்கள். இந்தத் தேத்தண்ணீரைக் குடியுங்கள். இரண்டு பேருமாகப் போய் வரம்பைப் பார்ப்போம்." போனார்கள். வரம்பின் அடியில் கை நுழையும் அளவுக்கு நண்டு வளை! வரம்பைத் துளைத்தது நண்டு. திட்டு வாங்கியது அயலவருடைய தாய். அவரோ ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. களிமண்ணை அள்ளி வளையை அடைத்தார். அடுத்த முறை வந்தபோது தன் தண்ணீரில் பாதியை இவருக்குத் திருப்பிவிட்டார். "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்ற நீதிமொழிகள் 15:1ஐ மனப்பாடமாகச் சொல்லும் மூப்பர், அதை வாசித்தே இராதவர் செய்து காட்டியதைப் பார்த்துத் தலைகுனிந்து நின்றார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு!

மோசேயையும் நினையுங்கள். ஜனங்களுக்குத் தண்ணீர் கிடைக்கக் கன்மலையைப் பார்த்துப் பேசு என்றார் கர்த்தர். மோசேயோ "கலகக்காரரே" என்று ஜனங்களை ஏசி, கன்மலையைக் கோலால் இரண்டு தரம் அடித்தார். தண்ணீர் வந்தது, கானானுக்குள் நுழையும் பாக்கியம் போய்விட்டது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். அதிகமான கோபம் எப்போது வெளியே வருகிறது தெரியுமா? ஞாயிறு காலையில்! "ரியூசனுக்கு நேரமாகிறது, எழும்படா மாடு" என்று தொடங்குகிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, ஆறு நாளும் ஓடியது போதாதென்று ஏழாம் நாளும் ஏச்சு வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறது. "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி, அவர்களைக் கோபமூட்டாதிருங்கள்" என்று கொலோசெயர் 3:21இல் பவுல் எழுதியது வேறு யாருக்கு?

2019 உயிர்த்த ஞாயிறன்று, சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளைப் பறிகொடுத்த மட்டக்களப்பு நகரம் இது. அந்த நகரத்தில் ஞாயிறு பாடசாலை வாங்குகள் ரியூசனால் வெறுமையாகக் கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை. இது கிறிஸ்தவருக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. அறநெறி வகுப்பு நடத்தும் சைவ ஆசிரியர்களும் இதே வேதனையைத்தான் சொல்கிறார்கள்.

ஞாயிறு நண்பகல் வரை தனியார் வகுப்புகளை நிறுத்த வேண்டும் என்ற மனுவைப் பிரதேச செயலாளரிடம் கையளிக்கவிருக்கிறோம். வகுப்பு நடத்தும் ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் பிழைப்பில் கைவைக்க வரவில்லை, மதியத்துக்குப் பிறகு தாராளமாக நடத்துங்கள். பெற்றோரே, இந்த ஆசிரியர்களை யாரும் வீதியில் மறித்து ஏச வேண்டாம். வீட்டுக்குப் போய், இருந்து, பேசுங்கள். மனுத்தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. பங்குத்தந்தை அவர்கள் முதலில் கையொப்பமிடச் சம்மதித்திருக்கிறார். தாய்மாரே, நீங்களும் வரிசையில் வாருங்கள்.