உழுகிற நாளில் கடலில் யார்?

(முல்லைத்தீவில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கக் கூட்டமொன்றில் பேசியது)

தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, வற்றாப்பளையிலிருந்து இந்த வெயிலிலும் வந்திருக்கிற பெரியவர் அவர்களே, கூட்டுறவுப் பரிசோதகர் அம்மா, மாதர் சங்கத்துச் சகோதரிகளே, பூவரச நிழலில் நிற்கிற தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம். விடியவே வந்து பந்தல் போட்டுக் கதிரை அடுக்கிய இளைஞர் கழகத்துக்கும் நன்றி சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

நம் வலையை அறுக்கிற இழுவைப்படகுகளைப் பற்றி மூன்று விடயம் பேச வந்தேன். ரோந்துக் கப்பல், சட்டம், நாம் எழுதி வைக்க வேண்டிய கணக்கு. அதற்கு முதல் என் அம்மா ஓயாமல் சொல்லும் பழமொழி: ‘உழுகிற நாளில் ஊருக்குப் போனால் அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லை.’ வயலும் கடலும் தெரிந்த உங்களுக்கு விளக்கம் வேண்டாம்.

லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருநாள் தேம்ஸ் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனாள். நல்ல குளிர், பேரன் என் தோளில். திடீரென்று ரவர் பிரிட்ஜில் பஸ், கார் எல்லாம் நின்றன. 1894இல் திறந்த பாலம் அது, நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே எழும்புகிறது, சனமெல்லாம் போனைத் தூக்கிப் பிடிக்கிறது, அதற்குள்ளால் சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல் மெல்ல வருகிறது. செவேர்ன் என்று பெயர், ஒரு ஆற்றின் பெயர்தான். 79 மீற்றருக்கு மேல் நீளம். 1971 முதல் அருங்காட்சியகமாக நிற்கிற பெல்பாஸ்ட் போர்க்கப்பலின் பக்கத்தில் கட்டினார்கள். சாம்பல் நிறக் கப்பலைக் கண்டால் வன்னியில் பிறந்தவனுக்கு நெஞ்சு ஒருக்கால் இடிக்கும், எனக்கும் இடித்தது. கரைக்கு வந்த கடற்படைப் பொடியன் ஒருவனிடம் மகள் கேட்டுச் சொன்னாள்: இந்த இனக் கப்பல்களுக்கு மீன்வளக் காவல் முக்கியமான வேலையாம். சின்னப் படகில் போய் மீன்பிடிக் கப்பலில் ஏறி, வலைக்கண்ணை அளந்து, பிடித்த மீனையும் பதிவுப் புத்தகத்தையும் ஒத்துப்பார்ப்பார்களாம். தோளிலிருந்து பேரன் கேட்டான்: “அம்மப்பா, உங்கட வலையையும் அளப்பினமோ?” “அளக்கட்டும் அப்பு, அதை அறுக்கிறவையையும் பிடிக்கட்டும்” என்றேன்.

சரி, நம் கடலுக்கு வருவோம். இலங்கையில் அடிமட்ட இழுவைமடியை, அதாவது கடலடியை உரசி இழுக்கிற வலையை, தடைசெய்த சட்டம் 2017 யூலையில் வந்தது. அடுத்த மாதமே கோவாவில் கட்டிய சயுரல என்ற ரோந்துக் கப்பல் இலங்கைக் கடற்படையில் சேர்ந்தது, 105 மீற்றர். சட்டமும் இருக்கிறது, கப்பலும் இருக்கிறது. இராமேஸ்வரத்து இழுவைப்படகுகள் திங்கள், புதன், சனியில் நம் கடலில் இறங்குவது மன்னாரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் அங்கே தடைக்காலம், அது முடிந்ததும் திரும்ப வருவார்கள் என்பதும் தெரியும். நாளும் கிழமையும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு காவல் எந்த நாளில் நிற்க வேண்டும்? உழுகிற நாளில் ஊருக்குப் போனால்... மிச்சத்தை நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் படகுகளில் கூலிக்கு ஏறி வருகிற பிள்ளைகளில் எனக்குக் கோபமில்லை, அவர்களும் நம்மவர்கள்தான். என் எதிர்ப்பு மடிக்கு. அடியில் உரசிப்போய்ச் சேற்றைக் கிளறி, குஞ்சு குருமன் எல்லாவற்றையும் அள்ளுகிற மடி எந்தக் கரையிலிருந்து வந்தாலும் கூடாது, நம் ஆட்கள் இழுத்தாலும் கூடாது.

வாசலடி மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். வலை அறுந்தவர்கள் நாள், மணி, இடம், கண்ட படகின் இலக்கம், எத்தனை துண்டு போனது எல்லாம் எழுதிக் கையெழுத்து வையுங்கள். எழுத்துத் தெரியாத ஐயாமாருக்குத் தங்கச்சிமார் எழுதித் தருவார்கள். வருகிற மாதம் அதைத்தான் மாவட்டச் செயலகத்துக்குக் கொண்டுபோகிறோம்.