அண்ணன் கூப்பிட்ட சாட்சி

நடுவர் அவர்களுக்கும், எதிரணிக்கும், இந்த நேரத்துக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கதை எழுதுகிறவர் விமர்சனமும் எழுதினால் அவருடைய கதை வளருமா, கெடுமா என்பது தலைப்பு. வளரும் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணியில் முதலில் பேசிய அண்ணன், நேரம் போகும், காசு போகும், பகை வரும், கடைசியில் கதை எழுதும் கையே மரத்துப்போகும் என்று அடுக்கிவிட்டு, சாட்சிக்கு, நாவலும் விமர்சனமும் எழுதி 'எழுத்து' என்ற விமர்சனப் பத்திரிகையையும் நடத்திய சி.சு. செல்லப்பாவைக் கூப்பிட்டார். அந்தப் பத்திரிகையைக் கட்டிக்கொண்டு அழுத வருஷங்களில் அவர் எத்தனை கதை எழுதியிருக்கலாம் என்று கேட்டார், நீங்களும் கை தட்டினீர்கள். அண்ணே, செல்லப்பா எங்கள் பக்கத்துச் சாட்சி. வருஷங்களை எண்ணினீர்கள், அந்த வருஷங்களில் என்ன நடந்தது என்று பார்த்தீர்களா?

1959 ஜனவரியில் 'எழுத்து' முதல் இதழ் வருகிறது. 1970 வரைக்கும் 119 இதழ்கள். திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் ஒரு வீடு, அதுதான் ஆபீஸ், அதுதான் பதிப்பகம், அங்கே இருந்துதான் இதழ் போயிருக்கிறது. அதே 1959இல், விமர்சனத்துக்கு என்று பத்திரிகை ஆரம்பித்த அதே வருஷத்தில்தான், அவருடைய ஜல்லிக்கட்டு நாவல் 'வாடிவாசல்' புத்தகமாக வருகிறது. இன்னொரு நாவல் 'ஜீவனாம்சம்' அந்தப் பத்திரிகையிலேயே தொடராக வந்தது. கை மரத்துப்போனவர் செய்கிற காரியமா இது?

வாடிவாசலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் என் வாதமே அதில்தான் இருக்கிறது. அப்பனைக் குத்திய காளையைப் பிடித்து அடக்க வந்திருக்கிறான் பிச்சி. கூட மச்சான் மருதன். காளை பெயர் காரி, ஜமீன்தாருடைய மாடு. எடுத்த எடுப்பில் காரியைக் கொண்டுவந்து நம் முன்னால் நிறுத்தவில்லை செல்லப்பா. காளைகள் வெளியே வருகிற வாடிவாசலுக்குப் பக்கத்தில் நிற்கிற ஜனங்களைப் பேசவிடுகிறார், ஒரு கிழவரைப் பேசவிடுகிறார், அந்தப் பேச்சிலேயே காரி மீது நமக்குப் பயம் ஏறிவிடுகிறது. ஜமீன் அதிகாரம் கொடியது என்று நமக்குப் பாடம் எடுக்கிற ஒரு வரிகூட எனக்கு அதில் கண்ணில் படவில்லை. ஆனால் கடைசியில் காரி அடங்கிப்போன பிறகு ஜமீன்தார் கையில் துப்பாக்கி இருக்கிறது பாருங்கள், அங்கே எல்லாம் சொல்லியாகிவிட்டது. இத்தனையும் ஒரே மூச்சில் படித்து முடிக்கிற அளவு சின்ன நாவலுக்குள். எதை விடவேண்டும் என்று தெரிந்த கை அது. அந்தத் தெரிவு எங்கிருந்து வருகிறது? இன்னொருவர் கதையை எடுத்து, இந்த வரி ஏன் நிற்கிறது, இந்தப் பத்தி ஏன் தொங்குகிறது என்று வருஷக்கணக்காகக் குடைந்து பார்த்த பழக்கத்திலிருந்து வருகிறது. சிறுகதை எழுத்தாளர் பி.எஸ். ராமையாவின் கதைகளை, ஏறக்குறைய 300 கதைகளை, உட்கார்ந்து படித்து அலசி ஒரு முழுப் புத்தகம் எழுதியவர் செல்லப்பா. 300 கதை, நடுவர் அவர்களே! ஒரு கதைக்காரனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும்?

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தேன். "கண்களில் நீர் திரையிட்டது" என்ற வரி நாலு கதையில் வந்தது, நாலு இடத்திலும் பென்சிலால் கோடு போட்டேன். அன்று ராத்திரி என் சொந்தக் கதையின் அச்சுப்படி திருத்த வேண்டியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் அதே வரி, ஏழாம் பக்கத்தில் மறுபடியும் அதே வரி. அதுவரை அந்தக் கதையைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன், கண்ணில் படவே இல்லை. இரண்டையும் அடித்துவிட்டு, அந்த அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த பஸ் டிக்கெட்டை அவிழ்த்து அவிழ்த்துப் பார்க்கிறாள் என்று மாற்றினேன். அந்தக் கதையில் இன்றைக்கும் எனக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான்.

இரண்டாவதாகப் பேசிய பேராசிரியை அம்மா, படைப்பு மனசு வேறு, விமர்சன புத்தி வேறு, ஒரு உறையில் இரண்டு கத்தி கூடாது என்றார்கள். அம்மா, 1923லேயே ஆங்கிலக் கவிஞர், விமர்சகர் டி.எஸ். எலியட் எழுதிவிட்டார், எழுதுகிறவர் படும் பாட்டில் பெரும்பகுதி விமர்சன உழைப்புதான் என்று. சலிப்பது, சேர்ப்பது, அடிப்பது, திருத்துவது எல்லாம் அதில் சேர்த்தி. கத்தி ஒன்றுதான், அம்மா.

பகை வருமா என்றால், வரும். மறுக்கவே மாட்டேன். செல்லப்பாவும் க.நா.சு.வும் 1912இல் பிறந்தவர்கள், இரண்டு பேரும் நாவலாசிரியர்கள், இரண்டு பேரும் விமர்சகர்கள். ரசனை போதும் என்றார் க.நா.சு., அலசிக் காட்ட வேண்டும் என்றார் செல்லப்பா, கடைசிவரைக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்தச் சண்டை நடந்த 'எழுத்து' பக்கங்களில்தான் ந. பிச்சமூர்த்தியின் கவிதைக்கு இடம் கிடைத்தது, பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி கவிதை எழுதினார், திருகோணமலையிலிருந்து பிரமிள் என்ற சின்னப் பையன் எழுதி அனுப்பினார். சண்டைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தால் இவர்களுக்கு யார் பக்கம் ஒதுக்கியிருப்பார்கள்?

நேரம், காசு என்று அண்ணன் சொன்னபோது மட்டும் எனக்குத் தொண்டை அடைத்தது. பத்திரிகைக்காகச் செல்லப்பா மனைவியின் நகை போனது உண்மை. புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியதும் உண்மை. அந்தக் கஷ்டத்தை விமர்சனம் கொடுத்தது என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். மூட்டையில் இருந்ததில் பாதியைக்கூட வாங்காத நாம் கொடுத்தது அது. வாடிவாசலும் அந்த மூட்டையில்தான் இருந்தது, விமர்சனப் புத்தகம் மட்டும் இல்லை. வெறும் கதை மட்டும் எழுதியிருந்தாலும் மூட்டை அதே கனம்தான் கனத்திருக்கும்.

1997இல், 85 வயதில், மூன்று பாகமாக 'சுதந்திர தாகம்' நாவலைச் செல்லப்பா சொந்தமாகவே வெளியிட்டார். அடுத்த வருஷம் போய்விட்டார். சாகித்திய அகாதெமி விருது வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. மரத்துப்போன கை என்று அண்ணன் சொன்னாரே, அந்தக் கை எழுதிய மூன்று பாகத்தையும் இதோ மேஜைமேல் வைக்கிறேன், நடுவர் அவர்களே. தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.