பத்துக் கிலோ கொண்டுபோனால் ஒன்பதுக்குத்தான் காசு

வணக்கம் உறவுகளே. பின்னால் வாட்டர் பம்ப் ஓடுகிறது, சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். போனை முருங்கையில் கட்டியிருக்கிறேன், காற்றுக்கு ஆடும்.

நிறையப் பேர் கேட்கிறீர்கள், "அக்கா, நீங்கள் இந்தியாவா இலங்கையா, பேச்சு இரண்டும் கலந்து வருகிறதே" என்று. பிறந்தது கிளிநொச்சிப் பக்கம் இதே வட்டக்கச்சி. 1990-ல் ஆறு வயதில் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனேன். மண்டபம் அகதி முகாம், பிறகு பவானிசாகர் முகாம். கல்யாணம், இரண்டு பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். 2012-ல் பிள்ளைகளோடு திரும்பி வந்தேன். அங்கே இருந்தவரை நான் சிலோன்காரி. இங்கே வந்ததும் இந்தியாக்காரி. பிள்ளைகள் அங்கே பிறந்ததால் அவர்களுக்குக் குடியுரிமை பதிய அலைந்தது தனிக்கதை, இன்றைக்கு வேண்டாம்.

முதல் தடவை விதை வாங்கப் போய் "காராமணி விதை இருக்கா ஐயா" என்று கேட்டேன். கடைக்கார ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது என்ன மணி?" பயித்தங்காய் என்று சொல்ல வேண்டும் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. பரங்கிக்காய்க்கும் அதே கூத்து. இங்கே அது பூசணி, அங்கே வெண்பூசணி என்பது இங்கே நீத்துப்பூசணி. உரம் என்றால் புரியும், ஆனால் எல்லாரும் பசளை என்றுதான் சொல்வார்கள்.

சரி, இந்த டிரம்மைப் பாருங்கள். உள்ளே இருப்பது ஜீவாமிர்தம், பயிருக்கு விடுகிற சாணக் கரைசல். ஈரோட்டுப் பக்கம் களை பிடுங்கப் போன தோட்டத்தில் பழகியது. 200 லீற்றர் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லீற்றர் மாட்டுச் சலம், அதுதான் கோமியம், 2 கிலோ சர்க்கரை, அங்கே வெல்லம் என்பார்கள், 2 கிலோ மா, கடைசியில் மரத்தடி மண் ஒரு கைப்பிடி. அங்கே கடலை மா போடுவார்கள். நான் வீட்டில் இடிக்கும் பயற்றம் மா போடுகிறேன். சர்க்கரை விலைக்குக் கட்டாத நேரம் கறுத்துப்போன வாழைப்பழம். காலை மாலை தடியால் கலக்க வேண்டும். மேலே நுரை கட்டியிருக்கிறதே, இது நல்ல அறிகுறி. நாற்றம் முகாம் பக்கத்து மாட்டுத் தொழுவத்தை ஞாபகப்படுத்தும், எனக்குப் பிடிக்கும். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள்.

ஆனால் இது மட்டும் போதாது. பக்கத்து வளவு அம்மம்மாதான் குழை தாழ்க்கச் சொல்லித்தந்தா. பூவரசு, கிளிசரியா, காவிளாய், கிடைக்கிறதை வெட்டி, பாத்தியில் கிடங்கு எடுத்துப் போட்டு, மண்ணால் மூட வேண்டும். அங்கே படித்ததும் இங்கே படித்ததும் சேர்ந்தபிறகுதான் என் கத்தரி கத்தரியாகியது. அதற்கே நாலு வருடம். பிறகு 2018 டிசம்பர் வெள்ளம் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போக, மறுபடியும் முதலிலிருந்து.

2021-ல் இங்கே அரசாங்கம் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியது, ஞாபகம் இருக்கா? அதுவரை "இந்தியாக்காரியின் சாணித் தண்ணி" என்று சிரித்தவர்கள் போத்தலோடு வாசலில் நின்றார்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் எனக்கு நாலு வருடம் எடுத்ததை அவர்கள் ஒரு போகத்தில் எப்படிச் செய்வது? நெல் வெளிறிப்போய் நின்றது. அந்த வருடம் நவம்பரில் தடையை எடுத்தார்கள், போத்தல்களும் வாசலில் இருந்து காணாமல் போயின. நான் யாரையும் பிழை சொல்ல மாட்டேன். சேதன விவசாயம், அங்கே சொல்கிற இயற்கை விவசாயம், நல்லது என்று நான்தான் முதலில் சொல்வேன், ஆனால் சட்டம் போட்டு மண்ணை அவசரப்படுத்த முடியாது.

விளைவிக்கிறது பாதி வேலை என்று நினைத்திருந்தேன். இல்லை, கால்வாசி. ஒரு சந்தைக்குக் காய் கொண்டுபோனேன், பெயர் வேண்டாம். 10 கிலோ நிறுத்தால் 9 கிலோவுக்குத்தான் காசு, மிச்சம் "கழிவு". என்ன கழிவு? காய் முழுதாகத்தானே இருக்கிறது? கேட்டால் "இங்கே வழக்கம்" என்கிறார்கள். அதற்கு மேல், என் காய் கொஞ்சம் சின்னது, இலேசான தழும்பு, அதற்கும் விலை குறைப்பு. மருந்தடித்துப் பளபளக்கிற காய்க்குப் பக்கத்தில் என்னுடையது நோயாளி மாதிரி இருந்தது.

அன்றோடு விட்டேன். இப்போது வாட்ஸ்அப்பில் இருபத்திரண்டு வீடு, கிளிநொச்சி டவுனில். புதன்கிழமை என்ன இருக்கிறது என்று படம் போடுவேன், வியாழக்கிழமை மகன் மோட்டர் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு போவான். சான்றிதழ் இருக்கா என்று கேட்பார்கள். இல்லை. அதற்குக் கட்டுகிற காசுக்கு இன்னொரு பாத்தி போடலாம். நேரே வந்து பாருங்கள் என்கிறேன், வந்தவர்கள் இருக்கிறார்கள்.

போன கிழமை ஒரு அன்ரி கத்தரிக்காயை வெட்டிப் படம் அனுப்பினா, உள்ளே புழு. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து அடிக்கிறேன்தான், ஆனால் புழு காய்க்குள் போய்விட்டால் அது ஒன்றும் செய்யாது. துளைத்த குருத்தை முந்தியே கிள்ளியிருக்க வேண்டும், நான்தான் இரண்டு நாள் பிந்தினேன். அரைக் கிலோ சும்மா அனுப்பினேன். அன்ரிக்கு இன்னும் கோபம் முழுதாகப் போகவில்லை, "பாப்பம்" என்று மட்டும் எழுதியிருக்கிறா.

ஐயோ, வாய்க்கால் உடைத்துக்கொண்டு வெண்டிக்குள் போகிறது. வைக்கிறேன் உறவுகளே, மண்வெட்டி எங்கே…